ஆலை இரைச்சலால்தான் அப்பாவுக்குக் காது கேட்காமல் போனது என்பதை எப்படி மெய்ப்பிப்பது?

புதுவயல் மகள் | 2024 ஜூலை 6

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 55 வயது ஆகிறது. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் 2004 முதல் சென்ற ஆண்டு அக்டோபர் வரை, 19 ஆண்டுகள், உமி நீக்கும் ஷெல்லரும் அரிசி தீட்டும் பாலிஷரும் ஓட்டினார். அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் மாதங்களில் நாளுக்கு 12 மணி நேரமும் மற்ற மாதங்களில் 8 முதல் 10 மணி நேரம் வரையும் அந்த இயந்திரங்களுக்கு நடுவில்தான் நிற்பார். காதில் வைத்துக்கொள்ள எதுவும் கொடுத்ததில்லை; பல நாள் உமித் தூசிக்காக முகத்தில் கட்டிய துண்டையே காதுக்கும் சேர்த்துச் சுற்றிக்கொள்வார்.

ஏழெட்டு ஆண்டுகளாகவே வீட்டில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார். வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். சென்ற அக்டோபரில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பேரிங் உடைவதற்கு முன்னால் எழுந்த கிறீச்சொலி அவருக்குக் கேட்கவில்லை. பெல்ட் அறுந்து ஒரு நாள் அரவை நின்றது. மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த மே மாதம் காரைக்குடியில் காதுப் பரிசோதனை செய்தபோதுதான், இரைச்சலால் உள்காது கெட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

ஆலையில் இழப்பீடு கேட்டுப் போனோம். வயதானால் காது மந்தமாவது இயற்கை என்றும், ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு மேளத்துக்குப் பக்கத்திலேயே நடந்து போகிறவருக்கு ஆலையால்தான் காது போனது என்று எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேட்டார்கள். 40,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அப்பாவிடம் ஊதியச் சீட்டு இல்லை; பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் பிடித்ததில்லை. அங்கே வேலை செய்தவர்கள் மொத்தம் ஏழு பேர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போனபோது, அந்த அளவுக்குக் குறைபாடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எதை, எப்படி மெய்ப்பிக்க வேண்டும்?

கேட்பியல் | 2024 ஜூலை 6

நான் காரைக்குடிப் பகுதியில் கேட்பியலாளராக வேலை செய்கிறேன். முதலில் அந்த ஆடியோகிராமில், அதாவது காதுப் பரிசோதனை வரைபடத்தில், இருக்கும் எண்களை இங்கே பதியுங்கள். ‘கேள்திறன் குறைவு’ என்று மட்டும் எழுதிய சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. எந்த அலைவரிசையில் எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்பதில்தான் காரணம் எழுதப்பட்டிருக்கிறது.

புதுவயல் மகள் | 2024 ஜூலை 6

வலது காது: 500 ஹெர்ட்ஸில் 20, 1000-இல் 25, 2000-இல் 40, 3000-இல் 60, 4000-இல் 70, 6000-இல் 65, 8000-இல் 45. இடது காது: 20, 25, 45, 60, 70, 65, 50. எலும்பு வழிக் கேட்டல் என்று ஒரு வரிசையும் உள்ளது. அதுவும் ஏறக்குறைய இதே எண்கள்தான்.

கேட்பியல் | 2024 ஜூலை 7

நன்றி. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது தெளிவான படம். விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் முன்னால் ஒரு மருத்துவர் விளக்க வேண்டியிருக்கும். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நீண்ட காலம் இரைச்சலில் நின்றவரின் உள்காதில் முதலில் சாவது, உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் மயிர்ச்செல்கள். காதுக் குழாயின் அமைப்பு 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெருக்கி உள்ளே அனுப்புவதால், அடி 4000-ஐச் சுற்றி விழுகிறது. ஆகவே வரைபடத்தில் 3000 முதல் 6000 வரை ஒரு பள்ளம் விழுந்து, 8000-இல் கோடு மீண்டும் மேலே ஏறும். உங்கள் அப்பாவுக்கு 4000-இல் 70 ஆக இருப்பது 8000-இல் 45 ஆகவும் 50 ஆகவும் மீள்கிறது. முதுமையால் மட்டும் வரும் மந்தத்தில் இந்த மீட்சி இருக்காது. கோடு 8000 வரை சரிந்துகொண்டே போகும். வயது இன்னும் கூடினால் முதுமைச் சரிவு வந்து இந்தப் பள்ளத்தை மூடிவிடக்கூடும் என்பதால், 55 வயதில் சோதனை செய்துகொண்டது நல்லதாயிற்று.

அடுத்து, இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருக்கின்றன. ஆலை இரைச்சல் நாலாபுறமும் இருந்து வருவதால் பாதிப்பு இப்படித்தான் இரு காதிலும் ஒத்து அமையும். எலும்பு வழி எண்களும் (எலும்பின் அதிர்வால் நேரே உள்காதைச் சோதித்தவை) காற்று வழி எண்களும் (வழக்கம்போல் காதுக் குழாய் வழியாகச் சோதித்தவை) ஒன்றாக இருப்பதால், சீழ் வடிதல், செவிப்பறை ஓட்டை போன்ற நடுக்காது நோய் இல்லை என்பதும் தெரிகிறது. இரைச்சல் மட்டுமே காரணமாக இருக்கும்போது உயர்ந்த ஒலிகளில் இழப்பு 75 டெசிபலையும் தாழ்ந்த ஒலிகளில் 40 டெசிபலையும் பொதுவாகத் தாண்டுவதில்லை. இந்த எண்கள் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன.

அடையாள அட்டை மறுக்கப்பட்டதைப் பற்றி மனம் வருந்த வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கேள்திறன் குறைந்தவர் எனப்படுவதற்கு இரு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 டெசிபல் இழப்பு வேண்டும். 500, 1000, 2000, 4000 ஆகியவற்றின் சராசரி உங்கள் அப்பாவுக்கு 40-ஐ ஒட்டித்தான் வருகிறது. அது வேறு அளவுகோல், வேறு நோக்கம். இழப்பீட்டுச் சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. இப்படிப்பட்ட காதுக்குப் பேச்சின் ஓசை கேட்கும், மெய்யெழுத்துகள் பிரியா. ‘படி’, ‘கடி’, ‘தடி’ மூன்றும் ஒன்றாகவே விழும். அமைதியான அறையில் உட்கார்ந்து பேசினால் குறையே தெரியாது. கூட்டத்தில் நின்றால் ஒன்றும் விளங்காது.

பழைய ரிங் பிரேம் | 2024 ஜூலை 7

தங்கச்சி, நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் 22 ஆண்டுகள் சைடராக, அதாவது நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களைப் பார்ப்பவனாக, இருந்தவன். எனக்கும் இதே பள்ளம் உண்டு. ஆனால் என் வழி வேறு. எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தார்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி, முதலாளி மீது இழப்பீட்டுச் சட்டத்தின்படி வழக்குப் போட முடியாது என்று 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடுத்தது. ஆகவே கிளை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, மருத்துவ வாரியத்தின் முன் போய் நின்றேன். அங்கே நிரந்தர ஊனப் பயன் என்று மாதந்தோறும் தருவார்கள். நாள் ஊதியச் சராசரியில் 90 விழுக்காட்டை முழு அளவாக வைத்து, வாரியம் குறிக்கும் விழுக்காட்டுக்கு ஏற்பக் கணக்கிடுவார்கள். இதைப் படிக்கும் பஞ்சாலைத் தொழிலாளர்கள் முதலில் தங்கள் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கதவில் எது நமக்கு உரியது என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டி, நான் ஓராண்டை இழந்தேன்.

வழக்குமன்ற வாசல் | 2024 ஜூலை 8

அம்மா, நான் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். நீங்கள் கேட்ட கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் இதனால்தான் 40,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. ஆலை இரைச்சலால்தான் காது கெட்டது என்பதை நீங்கள் முழுவதுமாக மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010 ஜனவரி முதல் ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ என்று பெயர் மாறியது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பெரும்பகுதி இந்த 2024 ஜூலை வரை நடைமுறைக்கு வராததால் நமக்கு இதுவே சட்டம். இதன் மூன்றாம் அட்டவணையில் ‘ஆ’ பகுதியில், இரைச்சலால் ஏற்படும் கேள்திறன் குறைவு தொழில்சார் நோயாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆபத்துக்கு உட்படும் எல்லா வேலையும் அதில் அடங்கும். பஞ்சாலை, அரிசி ஆலை என்று தனியே பட்டியல் கிடையாது. 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, அப்படிப்பட்ட வேலையில் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், அதை வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்கிறது. மாறாக மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

ஆகவே நீங்கள் நிலைநாட்ட வேண்டியவை மூன்றே: அப்பா அங்கே வேலை செய்தார் என்பது, அந்த இடம் காதைக் கெடுக்கும் அளவுக்கு இரைச்சலானது என்பது, காதின் பாதிப்பு இரைச்சலுக்கு உரிய வகையைச் சேர்ந்தது என்பது. மூன்றாவது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதைச் செய்துவிடலாம். உண்மையான போராட்டம் முதலாவதில்தான். நான் பார்த்த வழக்குகளில் மருத்துவத்தில் தோற்றவர்களைவிட, ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்ற ஒரு வரியில் தோற்றவர்களே அதிகம்.

ஏழு பேர்தான் என்பதாலும் அஞ்ச வேண்டாம். மின்விசையால் உற்பத்தி நடக்கும் இடத்தில் வேலை செய்பவர் என்றால், எண்ணிக்கை பத்தைத் தொடாவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தும். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரவைக் களம் | 2024 ஜூலை 8

நானும் சாக்கோட்டைப் பக்கம் சிறிய ஆலை நடத்துகிறேன். எதிர்ப்பாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். எனக்கு இதில் உண்மையான ஐயங்கள் உண்டு. ஒருவர் எங்களிடம் வருவதற்கு முன்னால் பத்தாண்டு கல் உடைக்கும் இடத்தில் இருந்திருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கலாம். காசநோய்க்கு ஊசி போட்டிருக்கலாம். திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயின் கீழேயே படுத்துத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் ஆறு மாதம் வேலை கொடுத்தவரே பொறுப்பு என்றால், அதை மறுத்து மெய்ப்பிக்கச் சிறு ஆலைக்காரரிடம் என்ன இருக்கிறது?

கேட்பியல் | 2024 ஜூலை 9

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. வழக்கில் எதிர்த்தரப்பு கேட்கப் போவதும் இதையேதான்.

காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், வேறு தொற்றுகளுக்குப் போடும் ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் உள்காதைக் கெடுப்பது உண்மை. ஆனால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மிக உயர்ந்த ஒலிகளில் தொடங்கிக் கீழே இறங்கும். 8000-இல் மீட்சி தெரியாது. ஆகவே அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டுகளை மறைக்காமல் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதுவும் இல்லை என்பதே ஒரு சான்று.

காவடி மேளத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் ஓசை பெரிது என்பதை மறுக்கவில்லை. அது ஆண்டுக்கு எத்தனை மணி நேரம்? நடைப்பயணம் முழுவதும் மேளம் ஒலித்தது என்றே வைத்துக்கொண்டாலும் சில பத்து மணி நேரம். ஆலையில் நாளுக்கு 8 மணி வீதம் 300 நாள் என்றால் 2,400 மணி நேரம். உள்காதைக் கெடுப்பது ஓசையின் அளவும் அது நீடித்த நேரமும் சேர்ந்த மொத்தச் சுமை. இரைச்சலால் வரும் இழப்பு முதல் 10, 15 ஆண்டுகளில் வேகமாக ஏறிப் பிறகு மெதுவாகும் என்பதும், இரைச்சலை விட்டு விலகிய பிறகு அது பொதுவாக வளர்வதில்லை என்பதும் அறியப்பட்ட உண்மைகள். அப்பா வேலையை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. மேளம் இந்தத் தை மாதமும் ஒலித்தது. இப்போது ஒரு முறையும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் சோதித்து, எண்கள் நகரவில்லை என்றால், அதுவும் உங்கள் பக்கம் பேசும்.

ஆலைக்கார ஐயாவிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவரை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே காதுப் பரிசோதனை செய்து தாளை வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்பே கெட்ட காதோடு வந்தாரா, உங்களிடம் வந்து கெட்டதா என்பதைக் காட்ட அதைவிட வலுவான சான்று வேறில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அதையே திரும்பச் செய்தால், பள்ளம் விழத் தொடங்கும்போதே ஆளை வேறு இடத்துக்கு மாற்றிக் காதையும் காப்பாற்றிவிடலாம். செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்காது.

அடுத்த சோதனையைப் பற்றி: சோதனைக்கு முன் குறைந்தது 16 மணி நேரம் பெரிய ஓசை எதிலும் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் தற்காலிக மந்தம் சேர்ந்துகொண்டது என்று சொல்வார்கள். பணத்துக்காகக் கேட்காததுபோல் நடிக்கிறார் என்ற குற்றச்சாட்டும் வரும். அதற்கு, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் ‘பெரா’ சோதனை இருக்கிறது. அதில் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, நடிக்கவும் முடியாது.

பழைய ரிங் பிரேம் | 2024 ஜூலை 9

இரைச்சலை அளப்பது பற்றி ஒன்று. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85 டெசிபலை எட்டியிருக்கும் என்பது ஒரு கைக்கணக்கு. கைப்பேசிச் செயலியில் எடுத்த எண்ணைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வழக்குக்கு அது போதாது. எங்கள் ஆலையில் முன்பு ஓர் ஆண்டில் அளந்த அறிக்கை ஒன்று இருந்ததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன்.

வழக்குமன்ற வாசல் | 2024 ஜூலை 10

நண்பர் சொன்னது சரி. தொழிற்சாலைகள் விதிகளின்படி 90 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி என்று ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் அனுமதித்த நேரம் பாதியாகும். 115-க்கு மேல் காப்பில்லாமல் நிற்கவே கூடாது. உங்கள் ஆலை சிறியது என்பதால் பழைய ஆய்வறிக்கை கிடைக்காமல் போகலாம். அதனால் வழி அடைபடவில்லை. தனிச் சிறப்பறிவு உள்ளவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள 20-ஆம் பிரிவு ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. முறையான கருவியால் அளக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். அதற்குள் இயந்திரத்தை மாற்றிவிட்டால், அதே வகை இயந்திரம் ஓடும் வேறோர் ஆலையில் அளந்ததையும், உடன் வேலை செய்தவரின் சாட்சியத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

வேலை செய்தார் என்பதற்குச் சான்றாக வீட்டில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொட்டிப் பாருங்கள். வாரக் கூலி குறித்த நோட்டு, தீபாவளி போனஸ் உறை, ஆலைப் பெயர் அச்சிட்ட எடைச் சீட்டில் அப்பாவின் கையெழுத்து, வங்கியில் முதலாளி போட்ட தொகை, கைப்பேசியில் வந்த ‘நாளைக் காலை சீக்கிரம் வா’ என்ற செய்தி, எல்லாமே பயன்படும். மேஸ்திரி அழைத்து வந்த ஆள் என்று சொன்னாலும், 12-ஆம் பிரிவின்படி வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளி தப்ப முடியாது. காது அடைப்பான் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று சொன்னால், கொடுத்ததையும் அவர் வேண்டுமென்றே ஒதுக்கியதையும் அவர்களே காட்ட வேண்டும்.

கையெழுத்துத் தாளைப் பற்றி: சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. சமரசமாகத் தொகை பேசினால் அதை ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் கொடுத்தால் முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பாகவே இருப்பார். முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது.

தொகை எவ்வளவு வரும் என்று எல்லாருமே கேட்பார்கள். அப்பாவின் மாத ஊதியம் 15,000-ஐத் தாண்டினாலும் கணக்குக்கு எடுப்பது 15,000. அதில் 60 விழுக்காடு 9,000. 55 வயதுக்கு நான்காம் அட்டவணை தரும் காரணி 135.56. பெருக்கினால் 12,20,040 ரூபாய். இது முழு இழப்புக்கு. சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாக மருத்துவர் மதிப்பிட்டால் 3,66,012 ரூபாய். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் உண்டு. அந்த விழுக்காட்டை மதிப்பிடும்போது, காதால் இயந்திரத்தின் நலம் அறிந்து ஓட்டும் வேலையை அப்பா இனிச் செய்ய முடியாது என்பதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். 1975-இல் உச்ச நீதிமன்றம், இடக்கையை இழந்த ஒரு தச்சருக்கு அவருடைய தச்சுத் தொழிலை வைத்தே முழு இழப்பு என்று ஏற்றது.

காலக்கெடு இரண்டு ஆண்டு. வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் நோய்க்குறி தெரியவந்தால், அது முதலில் கண்டறியப்பட்ட நாளே விபத்து நாள். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனாலும் நோய் பற்றிய அறிவிப்பை முதலாளிக்கு இந்த வாரமே ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதன் பிறகு முதலாளி தம் செலவில் தம் மருத்துவரிடம் காட்டச் சொன்னால் மறுக்காதீர்கள். மறுத்தால் உரிமை நிறுத்தி வைக்கப்படும்.

அரவைக் களம் | 2024 ஜூலை 10

விளக்கத்துக்கு நன்றி. என்னிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அடுத்த வாரம் எல்லாரையும் காதுப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். பாலிஷர் அறைக்குச் சுவர் எழுப்பி, ஓட்டுபவர் வெளியே நிற்கும்படி செய்ய முடியுமா என்றும் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன்.

புதுவயல் மகள் | 2025 பிப்ரவரி 2

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அறிவிப்பு அனுப்பினோம், எங்கள் ஆளே இல்லை என்று பதில் வந்தது. வழக்கறிஞர் ஐயா சொன்னதுபோலவே நடந்தது. வீட்டில் தேடியபோது கிடைத்தவை ஆயுத பூஜைப் படங்கள். ஆண்டுதோறும் பாலிஷருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு எல்லாரும் முன்னால் நின்று எடுத்தவை. 2006, 2009, 2011, பிறகு 2014 முதல் 2022 வரை தொடர்ச்சியாக, மொத்தம் 12 படங்கள். சிலவற்றின் மூலையில் தேதி அச்சாகியிருக்கிறது. எல்லாவற்றிலும் அப்பா இயந்திரத்தின் வலப்பக்கம் நிற்கிறார். முதலாளியே இரண்டு படங்களில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவற்றை மனுவோடு சேர்த்துவிட்டோம்.

அவர்கள் தரப்பு மருத்துவரிடமும் அப்பாவைக் காட்டினோம். அங்கே எடுத்த வரைபடத்திலும் 4000-இல் 70 தான். பெரா சோதனையும் முரண்படவில்லை. கருவியால் இரைச்சல் அளக்க அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். நான் கைப்பேசியில் எடுத்தபோது பாலிஷர் அருகில் 97 காட்டியது. விதிக் கணக்கின்படி அதில் ஏறக்குறைய 3 மணி நேரம்தான் நிற்கலாம் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். சாட்சி சொல்ல முன்வந்த அண்ணன் ஒருவர் இன்னும் அதே ஆலையில்தான் ஷெல்லர் ஓட்டுகிறார். அவரையும் சோதித்தோம், அவருக்கு 4000-இல் 55. ஒரு நாள்கூட அவர் விடுப்பு எடுக்கவில்லை. அவருக்குக் காலக்கெடு எப்போது தொடங்கும்?

வழக்குமன்ற வாசல் | 2025 பிப்ரவரி 2

வேலைக்கு வராமல் நிற்கும்படி முடக்காத பகுதி ஊனம் என்றால், முதலாளிக்கு அவர் அறிவிப்புக் கொடுக்கும் நாளிலிருந்து இரண்டு ஆண்டு. சாட்சி சொல்வதற்கு முன்பே அவருடைய அறிவிப்பும் போய்ச் சேரட்டும். இல்லாவிட்டால் சாட்சியத்துக்குப் பிறகு ஜோடித்தது என்பார்கள். வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அவர் நாளை வேலைக்குப் போகும்போது காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.